அம்மா செய்யாத வேலை

அவித்த நண்டின் வாடை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. மன்னாரில் நாங்கள் இருந்த காலம் முழுக்க அது அம்மாவின் கைகளில் இருந்தது. போரில் செல் விழுந்து அப்பாவின் கால் போனபின், எட்டு வருடம் விடியமுன் எழும்பிப் போய், வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற 'நண்டுக் கொம்பனி'யில் நின்றபடியே ஓடு உடைத்துச் சதை எடுத்து எங்களுக்குச் சோறு போட்டவர் அவர்தான்.

கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்த இரண்டாம் வருடம், எனக்குப் பதினொரு வயது. அப்பாவின் அக்கா, எங்களுக்கு வெகுமுன்பே இங்கே வந்து, தன் வீட்டின் கீழ்த்தள 'பேஸ்மென்ற்'றைக் குடியிருக்கத் தந்த மாமி, ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை கேட்க அம்மாவைக் கூட்டிப் போனார். பள்ளிக்கூட இங்கிலிஷ் இருக்கிறதென்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். அங்கிருந்த சுப்பவைசர், நண்டு உடைக்கத்தான் ஆள் தேவை, முன்பு செய்திருக்கிறாரா என்று கேட்டார். எனக்கு வாயெல்லாம் பல்.

"இல்லையெண்டு சொல்லு பிள்ளை. நான் ஒருநாளும் வேலைக்குப் போகேல்லை" என்றார் அம்மா.

பொய் சொன்னால் தொடையில் கிள்ளி, பூசைக்கு முன் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்புகிற அம்மா, கண் வெட்டாமல் அதைச் சொன்னார். மாமி பெருமையாகத் தலையாட்டினார்.

"எங்கட வீட்டுப் பொம்பிளையளை அங்க கூலிக்கு விட்டதில்லை. தம்பிதான் எல்லாம் பாத்தவன். இஞ்ச எல்லாரும் போகினம், அது வேறை."

நான் 'இல்லை' என்றே மொழிபெயர்த்தேன். கிடைத்தது தரை கழுவுகிற வேலை. மற்றவர்கள் நண்டுச் சதையைச் சிதைத்துச் சிதைத்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு வருடம் அம்மா அந்த மேசைகளைச் சுற்றித் தரை கழுவினார். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, என்மேலும்தான்.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை, அவ்விடத்தில் கொண்டோ மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. மாமியும் இல்லை. போன மாதம் அப்பாவும் போய்விட்டார். மரண அறிவித்தல் எழுத இருந்தேன்.

"தன்ர உழைப்பால குடும்பத்தைக் காத்தவர் எண்டு போடு" என்றார் அம்மா.

பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "இன்னும் ஆருக்கம்மா பயம்?"

"பயமில்லை. வீட்டில இருந்து அந்த மனுசன் பட்ட வெக்கம் எனக்குத்தான் தெரியும்."

எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். பிறகு, சும்மா கேட்பதுபோலக் கேட்டார்:

"எனக்கு என்னெண்டு போடுவாய்?"