அண்ணனின் பேசும் கம்பியூட்டர்

என் அண்ணன் இக்னேசியசுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அதற்காக யாராவது "ஐயோ பாவம்" என்றால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். கொழும்புப் பக்கம் ஒரு பாடசாலையில் இங்கிலீசும் டைப்பிங்கும் படித்துவிட்டு வந்து, ஹட்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு மனு அடித்துக் கொடுத்தார். அடித்த தாளை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு தடவை ரிப்பனில் மை காய்ந்துபோய், இரண்டு பக்கமும் வெறும் தாளாகவே இருந்தன. நான் சிரித்துத் தொலைத்தேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

எண்பத்தெட்டில் வெளிநாட்டுச் சபைக்காரர்கள் எங்கள் கோயில் பாதர் மூலமாக ஒரு கம்பியூட்டர் அனுப்பினார்கள். அடிக்க அடிக்க எழுத்தைச் சொல்லும். முடித்ததும் கடிதம் முழுவதையும் இங்கிலீசில் வாசிக்கும். மூக்கடைத்த துரை மாதிரி ஒரு குரல். பிழையைத் தானே கேட்டு, தானே திருத்தி, அண்ணன் தாளில் அச்செடுத்தார்.

"இனி நீ ஒன் வேலையப் பாரு, பெற்றீசியா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்திலிருந்து அம்மாக்கண்ணு வந்தாள். கொழுந்து பறிக்கிறவள். அவள் மகள் பூரணிக்குப் பதினேழு வயது. தோட்டத்துக் கிளாக்கர் செல்லசாமி, ஆபீஸ் கூட்ட வேண்டுமென்று அந்தப் பிள்ளையை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்திருக்கிறான்.

"பெரிய தொரை கையில நேராக் குடுக்கணும்ங்க. அதுக்கு முந்தி கிளாக்கரய்யா காதுல விழுந்துச்சுன்னா எங்களத் தொலைச்சுப்புடுவாரு" என்று அழுதிருக்கிறாள்.

நான் அப்போது சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது, எங்கள் வாசல் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து போவதைப் பார்த்தேன். வெள்ளைக் கால்சட்டை, காலில் தோல் சப்பாத்து. உள்ளே கம்பியூட்டர் கடிதத்தின் கடைசி வரியைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்துக்கொண்டிருந்தது. தாளோடு வெளியே வந்த அம்மாக்கண்ணு, தூரத்தில் போகிற அந்த முதுகைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செல்லசாமியும் ஏதோ கடிதம் அடிக்கத்தான் வந்திருக்கிறான்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் அவள் கடிதத்தை நீட்டுவதற்குள், தோட்டத்தை நடத்தும் பெரிய துரையிடம் கதை போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பிள்ளைதான் கிளாக்கரைச் சுற்றிச் சுற்றி வருகிறாளாம். தாய் அதைவைத்துக் காரியம் சாதிக்கப் பார்க்கிறாளாம். துரை தாளைப் பிரிக்கவே இல்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்கப் பூரணியின் பேர் நாறிப்போனது.

ஒரு மாதம் கழித்து அம்மாக்கண்ணு மறுபடி வந்தாள். மகளைக் கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டாளாம். எந்தத் தெரு என்றுகூட அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் வாய்க்கு வந்தபடி கம்பியூட்டரைத் திட்டினார்.

"மெஷினுக்கு என்னங்க தெரியும்?" என்றாள் அவள். "வெளிய ஆளு வந்து ஒக்காந்தது ஒங்களுக்குக் கேக்கலியா?"

தெருவில் போகிறவர்களின் நடையை வைத்தே பேர் சொல்லும் மனிதர் அவர். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"கேட்டுச்சும்மா. சப்பாத்துச் சத்தத்த வச்சு, இங்கிலீசு தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சேன். எம் மெஷினு இங்கிலீசு பேசறத அவரும் கேக்கட்டும்னுதான் சத்தத்தக் கூட்டி வச்சேன்."