காய்ந்த நிலத்தில் நடந்த கிராம சபை

அந்தமானில், புரோத்ராபூரில் பஸ் மாறித் தெற்கே போனால் பத்தர்நாலா பஞ்சாயத்து வரும். மொத்தம் நாலு வார்டு. இரண்டு மலைமேல், ஒன்று ரோட்டோரம், கடைசி ஒன்று நாலாக் கரையில். கடல் உள்ளே வந்து போகிற ஓடையை இங்கே நாலா என்பார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் மேட்டில், ரேஷன் கடை மேட்டில், பிரதான் என்று அழைக்கப்படும் தலைவர் கோவிந்தராஜின் வீடு எல்லாவற்றுக்கும் மேட்டில். பள்ளத்தில் இருந்தது நெல் வயலும் அதை நம்பின முப்பது குடும்பமும்தான். ஒச்சம்மா அந்த முப்பதில் ஒருத்தி.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவள். புருஷன் அழகர்சாமி இருபது வருஷம் ரோடு வேலையில் தார்ச்சட்டி சுமந்து ஒரு ஏக்கர் வயல் வாங்கினார். வாங்கின வயலில் நாலு போகம்கூட முழுசாக எடுக்கவில்லை, 2004 டிசம்பரில் அலை வந்துவிட்டது.

அலை வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டது. போனது போகட்டும் என்று இருக்க முடியாதபடி தரையே அல்லவா கீழே இறங்கிவிட்டது! நாலாவின் கரை உடைந்து, அந்த உடைப்பு வழியாகக் கடல் வயலுக்குள் வந்து போக ஆரம்பித்தது. அமாவாசை, பௌர்ணமி என்றால் முழங்கால் வரைக்கும் ஏறும். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே செய்யாத பிள்ளை மாதிரி இறங்கிப் போயிருக்கும். இந்த இறங்கிப் போகிற குணத்தால்தான் ஒச்சம்மாவின் குடி கெட்டது.

மூழ்கின நிலத்துக்கு மாற்று நிலம் தருவதாகச் சொல்லி சர்வே வந்தது. நிலக்கணக்கு எழுதுகிற பட்வாரி வந்து சேர்ந்தது சாயங்காலம் மூன்றரை மணிக்கு, கடல் முழுக்க வற்றிக் கிடந்த வேளையில். கோவிந்தராஜ் ரோட்டை விட்டு இறங்கவே இல்லை. ஜீப்பில் சாய்ந்தபடி குடையை நீட்டி, "சூக்கா ஜமீன்" என்றார். காய்ந்த நிலமாம். பட்வாரி அப்படியே எழுதிக்கொண்டார். கீழ் வார்டில் கோவிந்தராஜுக்கு ஓட்டுப் போடாத பன்னிரண்டு வீட்டு நிலமும் அன்றைக்கு ஒரே நாளில் காய்ந்துபோனது. மூழ்கின பட்டியலில் அவருடைய மச்சான் ஆவுடையப்பனின் மேட்டு நிலம் ஏறியது. கடல் அங்கே போக வேண்டுமென்றால் நாற்பது படி ஏற வேண்டும்.

அழகர்சாமி வெள்ளை மனசுக்காரர். சர்க்கார் காய்ந்தது என்று எழுதினால் காய்ந்துதான் இருக்கும் என்று நாற்று நட்டார். பத்தே நாளில் அத்தனையும் செவந்து கருகியது. மனுவை எழுதி வாங்கிக்கொண்டு பிரதான் வீட்டு வாசலில் காலையிலிருந்து மதியம் வரை நின்றார். சாப்பிட்டுக் கைகழுவ வந்த கோவிந்தராஜ், கூடியிருந்தவர்கள் முன்னால், "காஞ்ச நெலத்துல வெவசாயம் பண்ணத் தெரியலேன்னா கடலைக் கொறை சொல்லாதய்யா. பேசாம மெயின்லேண்டுக்கே கப்பல் ஏறு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இருபது வருஷம் தார்ச்சட்டி சுமந்த மனுஷனால் அந்தச் சிரிப்பைச் சுமக்க முடியவில்லை. மண்வெட்டியைச் சுவரில் மாட்டியவர் அதற்கப்புறம் பள்ளத்துப் பக்கமே போகவில்லை.

ஒச்சம்மா அழவில்லை. அடுப்பைப் பார்த்து, "இவனை அந்தத் தண்ணியிலயே நிக்க வச்சு, இவன் கையாலயே எழுத வைக்கல, என் பேரு ஒச்சம்மா இல்ல" என்று சொன்னாள்.

அந்த வருஷமே பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. கீழ் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவள் நின்றாள், ஜெயித்து மெம்பரானாள். கோவிந்தராஜும் மறுபடி பிரதானானார். நாலு வருஷம் அவர் எது சொன்னாலும் "ஆமாங்கண்ணே" என்றாள். அவர் வீட்டு விசேஷத்துக்கு முறுக்குச் சுட்டுக் கொடுத்தாள். "ஒச்சம்மா திருந்திட்டா" என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவளோ மாசா மாசம் கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்குப் போய், கடல் ஏறி இறங்கும் நேரம் எழுதிப் போட்டிருக்கிற பலகையைப் பார்த்துக் காலண்டரில் குறித்துக்கொண்டிருந்தாள். பஞ்சாயத்துச் செக்ரட்டரி சௌமியாவிடம் பேச்சுவாக்கில் ஒரு விஷயத்தையும் கேட்டு வைத்துக்கொண்டாள். கூடின சபையை ஒத்திவைத்தால் பிரதான் ரெஜிஸ்டரில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

2009இல் பஞ்சாயத்து ஹாலின் கூரைத் தகரத்தை மாற்றுவதற்காகப் பிரித்துப் போட்டார்கள். போர்ட் பிளேரிலிருந்து ஆபீசர் வருகிற கிராம சபையை எங்கே கூட்டுவது என்று பேச்சு வந்தது. ஒச்சம்மா எழுந்தாள்.

"அண்ணே, எங்க வயலு சும்மாதான கெடக்கு. காஞ்ச நெலம். பந்தல் போட்டா விசாலமா இருக்கும்."

கோவிந்தராஜுக்கு வாயெல்லாம் பல். ஆபீசரே அந்த வயலில் வந்து உட்கார்ந்துவிட்டால் பிறகு எவன் மனுக் கொடுப்பான்? "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே, தங்கச்சி" என்றார். நாளையும் நேரத்தையும் அவளே குறித்தாள். புரட்டாசி பௌர்ணமி, காலை எட்டரை மணி. மேட்டில் இருக்கிறவருக்குக் கடல் ஏறுகிற நேரம் எங்கே தெரியும்?

மேடையை வயலின் ஆகப் பள்ளமான இடத்தில், உடைப்புக்கு முதுகு காட்டிப் போட்டாள். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வெறுங்காலோடு வந்து வரப்புமேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். கோவிந்தராஜ் வெள்ளை வேட்டியும் புதுத் தோல் செருப்புமாக ஆபீசர் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவிளக்குப் பேச்சு வந்தபோது ஒச்சம்மா மூன்று கேள்வி கேட்டாள். கிணற்றுப் பேச்சு வந்தபோது ஐந்து கேட்டாள். ஒன்பதேகாலுக்கு மேடைக்குப் பின்னாலிருந்து தண்ணீர் வந்தது.

முதலில் ஆபீசரின் பை நனைந்தது. அவர் காலைத் தூக்கிக்கொண்டு, "யே பானி கஹாங் ஸே?" என்று கேட்டார். தண்ணீர் எங்கிருந்து வருகிறதாம்.

"பானி இல்ல, சாப்" என்றாள் ஒச்சம்மா. "இது சூக்கா ஜமீன். ரிக்கார்டுல இருக்கு. பிரதான்ஜிதான் காட்டினாரு."

வரப்பிலிருந்து சிரிப்பு வெடித்தது. கோவிந்தராஜ் எழுந்து சபையை ஒத்திவைப்பதாகச் சொன்னார். சௌமியா ரெஜிஸ்டரைத் திறந்து, "காரணம் எழுதணும் சார்" என்றாள்.

"மழைன்னு எழுதிக்க."

ஆபீசர் அண்ணாந்து பார்த்தார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. "பிரதான்ஜி, சச் லிக்கியே" என்றார். உள்ளதை எழுதச் சொன்னார்.

ஒச்சம்மா ரெஜிஸ்டரை வாங்கி இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். முழங்கால் தண்ணீரில் நின்று, வேட்டி நனைந்து காலில் ஒட்டிக்கொண்டிருக்க, கோவிந்தராஜ் எழுதினார். கடல் நீர் புகுந்ததால் சபை ஒத்திவைக்கப்பட்டது.

"யாரு நெலம்னு பேரையும் எழுதுங்கண்ணே. அழகர்சாமி. எழுத்துத் தெளிவா இருக்கட்டும், பட்வாரி படிக்கணும்" என்றாள். அவர் குனிந்து எழுதினதை அவள் ஆசைதீரப் பார்த்தாள். இன்னும் இரண்டு வரி எழுத வேண்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மூன்று மாசத்தில் பட்வாரி மறுபடி வந்தார், இந்தத் தடவை காலை பத்து மணிக்கு, பேண்டை மடித்துக்கொண்டு. பன்னிரண்டு நிலமும் மூழ்கினவையாகப் பதிவாயின. ஆவுடையப்பன் பேரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். ஒச்சம்மாவுக்கு இரண்டாம் வார்டில், பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகிற வழியில் மேட்டு நிலம் கிடைத்தது. வேலி போட்ட அன்றே முதல் கம்பத்தில் ஒற்றைத் தோல் செருப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாள். சபை நடந்த அன்று கோவிந்தராஜின் காலிலிருந்து மிதந்து போய்ச் சேற்றில் சிக்கினது அது. மறுநாளிலிருந்து அவர் ஆபீசுக்குக் குன்றைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

அழகர்சாமி புது நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அதைக் கொண்டு போய்க் குடுத்துரு ஒச்சு. நெலந்தான் கெடச்சிருச்சுல்ல, போதும்" என்றார்.

"உங்களுக்குப் போதும்ங்க. எனக்குப் போதாது" என்றாள் அவள். "வந்து கேக்கட்டும். எந்த எடத்துல விட்டேன்னு நாலு பேரு முன்னாடி சொல்லிக் கேக்கட்டும். குடுத்துடுறேன்."