சீந்தில் கஷாயம்

எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் என் கணவருக்கு என் கிட்னியில் ஒன்றைக் கொடுத்தேன். கொடுத்த பிறகும் பயம் விடவில்லை. அவர் தும்மினாலே எனக்குத் தூக்கம் போய்விடும். எதிர்ப்புச் சக்தி கூடட்டும் என்று, டாக்டரைக் கேட்காமல் தினமும் சீந்தில் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தேன். சில வாரங்களில் அவர் கால்கள் வீங்கின.

சேலத்து டாக்டரம்மாவிடம் கஷாயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"வெள்ளை அணுவுல பல வகை இருக்கும்மா. சிலது கிருமியை முழுங்கும். சிலது கிருமியை எதிர்க்கற புரதத்தைச் செய்யும். டி செல்லுங்கறது வெளியாளைக் கண்டுபிடிச்சு அடிக்கும். அதுக்கு உங்க கிட்னியும் வெளியாள்தான். நாங்க மாத்திரை குடுத்து அடக்கி வெச்சிருந்தோம். கஷாயம் எழுப்பி விட்டிருக்கும்."

கட்டிலில் படுத்திருந்தவர் சிரித்தார். "பாத்தியா புள்ள, கட்டிட்டு வந்து இத்தன வருசமாகியும் எங்காளுக உன்னைய இன்னும் சேத்துக்கல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைக் காப்பதாக நினைத்து, அவருக்குள் இருந்த என்னையே அடிக்க வைத்திருந்தேன்.

ஊசி மருந்தில் கிட்னி தப்பியது. இப்போது அவர் தும்மினால் டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அடுப்படிக்குப் போவதில்லை. நாள் முழுக்க வேலை செய்தாலும் வராத அசதி, அப்படிச் சும்மா இருக்கும்போது வந்துவிடுகிறது.