பச்சைக் கிணறு

ராசிபுரம் தாண்டியதும் பஸ் கொதித்து நின்றுவிடுகிறது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு, கண்டக்டரோடு நானும் சாலையோரத் தோட்டத்துக்குள் இறங்குகிறேன். நெற்பயிர் கரும்பச்சையாக மினுங்குகிறது.

"புதுசா வந்த உப்பு உரமுங்க. ஒரு மூட்டை போடச் சொன்னாங்க, நான் மூணு போட்டேன்," என்று தோட்டக்காரர் மீசையைத் தடவிக்கொள்கிறார்.

கண்டக்டர் கிணற்றுக்குள் வாளியை விடுகிறார். மேலே வருவது பச்சைக் கூழ். வாளியின் விளிம்பில் பாசி தாடிபோலத் தொங்குகிறது. உள்ளே ஒரு செத்த கெண்டை மிதக்கிறது.

"தண்ணீர் எங்கேங்க?" என்று கேட்கிறேன்.

தோட்டக்காரரின் மனைவி முந்திக்கொண்டு பதில் சொல்கிறார். "வயல்ல போட்ட உப்பெல்லாம் மழையில கரைஞ்சு கெணத்துல எறங்கிருச்சுங்க. இப்ப அதுக்குள்ளயும் வெள்ளாமைதான்!"

மீசையிலிருந்து கை இறங்குகிறது. அந்த அம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு எங்களைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறார். குடிதண்ணீருக்குத் தினமும் இந்த நடைதானாம்.

அங்கே சாணி எருவைத் தவிர வேறெதுவும் போடுவதில்லை. அந்தத் தோட்டக்காரரே இறைத்துத் தருகிறார். தெளிந்த தண்ணீர், நான் கை நிறைய அள்ளிக் குடிக்கிறேன். அவர் கண் மட்டும் வரப்புக்கு அப்பாலிருக்கும் கரும்பச்சையிலேயே நிற்கிறது.

"ஏனுங்கம்மணி, அந்த உப்பு எனக்கும் ஒரு மூட்டை கெடைக்குங்களா?"

அந்த அம்மாள் குடத்தை நங்கென்று கீழே வைக்கிறார்.

"உங்களுக்கு ஒரு சிட்டிகைகூடக் கெடையாதுங்க! இந்தக் கெணறும் பச்சையாப் போச்சுன்னா நான் எங்கீங்க போவேன்?"

அந்தத் தோட்டக்காரர் கரும்பச்சையிலிருந்து கண்ணை எடுத்து, இன்னொரு வாளி இறைக்கிறார்.