சந்தனத்துக்குள் ஒளிந்த ஜப்பான் மீன்

சாரங்கன் காலமானதாக மதராஸிலிருந்து தந்தி வந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் அந்த மனுஷன் உறையூர் வரைக்கும்கூடப் போனதில்லை.

திருச்சி ஆபீசில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவர் தோள்களில் இருந்த பச்சை நினைவிருக்கும். யுத்தம் முடிந்தபின் கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்தபோது யோகோஹாமாவில் குத்திக்கொண்டது. வலது தோளில் கெண்டை மீன், இடது தோளில் செர்ரிப் பூ. டிபன் வேளையில் யாராவது கேட்டால் போதும், சட்டைக் கை மேலே ஏறிவிடும். "அருவியை எதிர்த்து ஏறற மீன் இது. ஏறி ஜெயிச்சா டிராகன் ஆயிடும்னு ஜப்பான்காரா சொல்லுவா. விடாமுயற்சிக்கு அடையாளம். இந்தப் பூ வாடறதுக்கு முன்னாலயே உதிர்ந்துடும். அதனால இன்னிக்கே சந்தோஷமா இருன்னு அர்த்தம்" என்பார். சொல்லிக்கொண்டே அடுத்தவர் வடையை எடுத்துவிடுவார்.

ஸ்ரீரங்கத்தில் வேதவல்லியை அவருக்கு நிச்சயம் செய்தார்கள். மாப்பிள்ளை சமாச்ரயணம் செய்துகொண்டால்தான் கல்யாணம் என்றார் பெண்ணின் தகப்பனார். ஹோமத்தீயில் காய்ச்சிய சக்கரத்தை வலது தோளிலும் சங்கை இடது தோளிலும் ஆசாரியர் ஒற்றுகிற சடங்கு அது. இரண்டு தோளிலும் ஜப்பான் உட்கார்ந்திருக்கிறதே! "முன்னாடியே சொல்லிடறேனே" என்றார் சாரங்கன். "சும்மா இரும் ஓய், காரியத்தைக் கெடுக்காதேயும்" என்று அதட்டி, நானே அவர் தோள்களில் சந்தனத்தை அப்பினேன்.

நெருப்புக்குப் பக்கத்தில் சந்தனம் காயாதா? அந்தப் புத்தி எனக்கு இல்லை. ஆசாரியர் முன்னால் உட்கார்ந்த சற்று நேரத்தில் அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, மீன் முழுசாக வெளியே வந்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் எழுந்து நின்றார். கல்யாணம் போச்சு என்று நான் சந்தனக் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"என்னடாப்பா இது?" என்றார் ஆசாரியர். சாரங்கன் அருவிக் கதையை ஒன்று விடாமல் சொன்னார். பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பாவம், தனியா ஏறிக் களைச்சிருக்கு. இனிமே பெருமாள் தூக்கிண்டு போகட்டும்" என்று மீனின் தலைக்கு மேலேயே சக்கரத்தை ஒற்றினார்.

ஆசாரியரே ஒற்றிய பிறகு மாமனார் என்ன பேசுவார்? என்மேல் பாய்ந்தார். "ஏன் ஓய், சந்தனம் பூசி ஏமாத்தினது நீர்தானே?"

தோள் எரிச்சலோடு சாரங்கன் குறுக்கே வந்தார். "அவனைத் திட்டாதேங்கோ மாமா. என் கல்யாணம் நின்னுடுமோன்னு என்னைவிட அவன்தான் பயந்தான்."

சாரங்கனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பேச்சைத்தான். என் அசட்டுத்தனத்துக்குள் இருந்த பிரியத்தை நாலு பேர் முன்னால் எடுத்துச் சொன்னவர், என் ஆயுசில் அவர் ஒருவர்தான்.