சங்கிலிப்பாண்டியின் கருப்பு வயர்

பல்லால் வயரின் தோலை உரித்து, தீக்குச்சியில் கொளுத்தி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார் சங்கிலிப்பாண்டி. குச்சியை எடுத்ததும் தீ தானாக அணைந்தால் நல்ல வயர். அணையாமல் ஒழுகி எரிந்தால், கொண்டுவந்த ஏஜெண்டிடம், "இத ஒங்க வீட்டுக்குப் போடும், நான் கருமாதிக்கு வாரேன்" என்பார். இந்தச் சோதனையால் அவருடைய இடப்பக்க மீசை எப்போதும் வலப்பக்கத்தைவிடக் குட்டை.

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் அவருடைய எலக்ட்ரிக் கடை. சாமான் வாங்கிப் போகிறவர்களைவிடத் திட்டு வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். அன்றைக்கு முனீஸ்வரி வந்து, கிரைண்டருக்கு விலை குறைந்த வயராகக் கேட்டாள்.

"ஏட்டி, துணி காயப்போடவா, மாவாட்டவா?"

"கரண்டு வந்தாச் சரிண்ணே."

"வரும். எத்தன நாளைக்கு? ஒல்லி வயருல கிரைண்டர ஓட்டுனா இட்லிக்கு முந்தி வயரு வெந்துரும். பல்புக்கு ஒரு எம்.எம். வயரு போதும், கிரைண்டருக்கு ரெண்டரை எம்.எம். வேணும். மாப்பிள்ளைக்குப் பாத்த பொருத்தத்துல பாதியாவது இதுக்குப் பாரு."

"அம்புட்டும் பாத்துத்தான் அந்தாளு வந்து வாச்சாரு."

சங்கிலிப்பாண்டி ரெண்டரை எம்.எம். வயரை அளந்து கொடுத்தார்.

சாமி படம் மாட்ட வேண்டிய ஆணியில் ஒரு ட்ரிப் சுவிட்சை மாட்டியிருக்கிறார். "ஆபத்துன்னா இது ஒடனே விழுந்து கரண்ட நிறுத்திரும். சாமி எப்ப வருவாவன்னு யாருக்குத் தெரியும்?" என்பார். கடைக்கு அடிக்கடி போகிற நான் கன்னத்தில் போட்டுக்கொள்வேன், அவருக்கும் சேர்த்து.

இந்தச் சித்திரையில் எங்கள் தெருக் காளியம்மன் கோவிலில் ஓர் அதிசயம் நடந்தது. சன்னதியின் கம்பிக் கதவைத் தொட்டால் உடம்பு சிலிர்த்தது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று கூட்டம் கூடியது. நானும் மூன்று தடவை தொட்டுச் சிலிர்த்தேன். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த கமிட்டித் தலைவர் உக்கிரபாண்டி, 'அம்மனின் சக்தியைத் தொட்டு உணருங்கள்' என்று போர்டே எழுதி வைத்துவிட்டார்.

பால்குடத்துக்கு முதல் நாள், சீரியல் பல்பு கட்ட வந்த சங்கிலிப்பாண்டி அந்தக் கதவில் டெஸ்டரை வைத்தார். மினுக்கென்று எரிந்தது.

"பாத்தியாலே, ஆத்தா ஒனக்கே வெளக்கேத்திக் காட்டுதா!" என்றார் தலைவர்.

"இது ஆத்தா இல்ல மாமா, கரண்டு. நாளைக்கு எரநூறு பொம்பளைய ஈரச்சேலையோட வந்து இதப் பிடிப்பாவ. சிலுக்காது, வெறச்சிரும்."

மெயினை அணைத்துவிட்டு, மேளம் அடிக்கிற மெஷினுக்குப் போன வயரைப் பிரித்தார். அம்மன் சன்னதிக்குக் கருப்பு ஆகாது என்று கமிட்டி மூன்று வயரையும் சிவப்பிலேயே வாங்கிக் கொடுத்திருந்தது. எது எர்த் என்று தெரியாமல் முன்பு வந்த ஆள் ஒரு வயரை வெட்டிச் சுருட்டி வைத்துவிட்டார். மற்ற இரண்டையும் முறுக்கி டேப் சுற்றிய இடம், அபிஷேகத் தண்ணீரில் ஊறிப் பிரிந்து கதவில் சாய்ந்து கிடந்தது.

"கரண்டு வாரதுக்குச் செவப்பு, திரும்பிப் போறதுக்குக் கருப்பு, எர்த்துக்குப் பச்ச. மூணு நெறமும் வேணும். ஒட்டுக்கு டேப்பு ஆகாது. கனெக்டர் போட்டு டப்பாக்குள்ள மூடணும்."

"சன்னதிக்குள்ள கருப்பா? நடக்காதுலே."

"காளின்னு பேர வச்சிட்டுக் கருப்பு ஆகாதுங்கிய. உள்ள உக்காந்திருக்கது என்ன செவப்பா?"

தலைவர் கருவறையை எட்டிப் பார்த்தார். பிறகு, "சிலுக்கலேன்னா கூட்டம் போயிருமேலே" என்றார் மெதுவாக.

"உசுரோட போவும்ல மாமா."

மூன்று நிறத்திலும் வயரை மாற்றி, மெயினைப் போட்டார்கள். ஆனால் கரண்டு விஷயம் விடிவதற்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. பால்குடம் வந்தபோது, முன்னால் வந்த இருளம்மாள் கதவுக்கு மூன்றடி தள்ளியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் மொத்த ஊர்வலமும் நின்றது. தலையில் குடம், கண்ணில் பயம். அம்மன் உள்ளே காத்திருந்தாள்.

"நீ தொட்டுக் காட்டுய்யா" என்றாள் இருளம்மாள்.

சங்கிலிப்பாண்டி ஒரு குடம் தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டார். சொட்டச் சொட்ட, வெறுங்காலோடு கதவருகே போய், கரண்டு இருந்தால் கை கம்பியைக் கவ்விக்கொள்ளாமல் இருக்க, முதலில் புறங்கையை மட்டும் கம்பியில் மெல்ல வைத்தார். பிறகு உள்ளங்கையைத் திருப்பி இறுகப் பிடித்தார். கடைசிப் பால்குடம் உள்ளே போகும்வரை கையை எடுக்கவில்லை.