நீலம் நிற்காத பேசின்

என் ஆராய்ச்சிப் படிப்பின் மூன்று வருடமும் ஒரு பொடிக்குள் போனது. உலோகத்தையும் கரிம மூலக்கூறையும் மாறிமாறிக் கோத்து, உள்ளெல்லாம் துளையாக வளர்க்கிற பொடி. வெளிச்சம் பட்டால் தண்ணீரில் கலந்த சாயத்தைச் சிதைத்து நிறம் போக்குவதுதான் அதன் வேலை. முதலில் வெள்ளையாக வந்தது. புறஊதா விளக்கைத் தவிர எதற்கும் அசையாத சோம்பேறி. மூலக்கூறில் நைதரசன் கொண்ட ஓர் அமீன் கூட்டத்தைச் சேர்த்தேன். பொடி மஞ்சளாகி, சாதாரண விளக்கிலேயே சாயத்தைச் சிதைக்கத் தொடங்கியது.

"வெயிலில செய்து காட்டுங்கோ. இல்லாட்டி அந்த அத்தியாயத்தை விடுங்கோ" என்றார் பேராசிரியர். பல்கலைக்கழகம் இருக்கிற மலைநாட்டில் ஓகஸ்ட் முழுக்கத் தூறல். வந்த கோபத்தில், பொடி பூசிய கண்ணாடித் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு மன்னாருக்கு பஸ் ஏறினேன். வெயிலுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்!

காலையில் கிணற்றடியில் இரண்டு வெள்ளைப் பேசின்களில் நீலச் சாயத் தண்ணீர் வைத்தேன். ஒன்றில் பொடித் தட்டு, மற்றதில் வெறும் தட்டு. பயண அலுப்பில் கதிரையில் சாய்ந்தவள் தூங்கிப்போனேன். மத்தியானம் எழும்பி ஓடினால் இரண்டும் நீலம். பொடி கிடந்ததுதான் கூடுதல் நீலம். கிணற்றுக்கட்டில் குந்தி அழுதேவிட்டேன்.

மடு மாதா கோவில் திருநாளுக்கு அண்ணாவின் வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக்கொண்டு அவர் மனைவி, என் மச்சாள், வந்தார். நீலம் கலந்த தண்ணீரில் அலசாமல் வெள்ளை உடுப்பைக் கொடியில் போடமாட்டார் அவர்.

"ஏன் அழுறீர்? ஒண்டுக்கு நீலம் விட மறந்துபோனீர் எண்டு நான்தான் விட்டனான். நிறமில்லாத வெறும் பச்சைத்தண்ணியாக் கிடந்தது."

"பச்சைத்தண்ணியோ? வடிவாச் சொல்லுங்கோ மச்சாள்!"

"ஓம், அடியில தட்டு பளிச்செண்டு தெரிஞ்சுது. மற்றது நீலமாத்தான் இருந்தது."

அவரைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். சட்டை மண்ணில் விழுந்தது. நல்ல ஏச்சு வாங்கினேன். பேசினை மட்டும் அவரைத் தொட விடவில்லை.

பின்னேரம் மச்சாள் விட்ட நீலமும் போய்விட்டது. "கடைக்காரன் கள்ள நீலம் தந்திட்டான்!" நான் வாய் திறக்க முன்னரே போத்திலோடு கடைக்குப் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்தார். அவருக்குக் கோபம், எனக்குக் கொண்டாட்டம். ஒரே தட்டு இரண்டாம் தரமும் வேலை செய்யுமா என்று பார்க்க எனக்குத் துணிவு வந்திருக்கவில்லை. மச்சாள் கேட்காமலே பார்த்துவிட்டார்.

அடுத்த மூன்று நாளும் அதே தட்டைப் புதுச் சாயத்தில் போட்டு முறைப்படி அளந்தேன். மூன்று நாளும் வெளுத்தது. அத்தியாயம் தப்பியது. அண்ணா அந்தமுறை நீலம் படாத சட்டையோடுதான் மடுவுக்குப் போனார். ஆய்வேட்டில் முதல் நன்றி பேராசிரியருக்கில்லை, மச்சாளுக்கு.